பேசவும்

சிவப்பு மசியில் ஒரே ஒரு வார்த்தை. அதன் கீழே ஒரு கோடு. முப்பத்தோரு வருஷ உத்தியோகத்தில் அவர் எழுதிய இலக்கியம் மொத்தமும் அவ்வளவுதான்: "பேசவும்."

லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி அது. நகரத்தில் நானூற்றுச் சொச்சம் கட்டிடங்களில் அவர்களுடைய லிஃப்டுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மாதம் ஒருமுறை மெக்கானிக் ஒருவர் போய் ஒவ்வொன்றையும் பார்த்து, கயிறு, கதவு, பிரேக், மணி, விளக்கு என்று முப்பத்தெட்டுக் கட்டங்களை நிரப்பி அனுப்ப வேண்டும். அந்தப் படிவமெல்லாம் சர்வீஸ் பிரிவின் தலைவரான அவருடைய மேஜைக்கு வரும். எந்தக் கட்டமாவது கண்ணை உறுத்தினால் ஓரத்தில் "பேசவும்" என்று எழுதித் திருப்பிவிடுவார். நிரப்பிய ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும். இவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது என்னப்பா?" என்பார். அவன் ஒன்று சொல்வான், இவர் இரண்டு சொல்வார். திட்டு உண்டா என்றால் உண்டு. திட்டு முடிந்ததும் டீயும் உண்டு. டீக்காகவே கட்டத்தைத் தப்பாக நிரப்புகிற ஆட்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள்.

அப்படித்தான் அவர் "பேசவும் சார்" ஆனார். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. படிவம் காகிதத்திலிருந்து போனுக்குப் போன பிறகும் அவர் வார்த்தையை மாற்றவில்லை. சிவப்பு மசி போனில் கிடைக்கவில்லையே என்று மட்டும் இரண்டு நாள் குறைப்பட்டுக்கொண்டார்.

மாறியது பிள்ளைகள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் வந்தார்கள். நாற்காலி சூடாவதற்குள் போனார்கள். ஒருத்தன் சாப்பிடப் போனவன் திரும்பி வரவில்லை. விபத்தோ என்று இவர் பதறிப்போய் போன் போட்டால், "சார், நான் வேலைய விட்டுட்டேன், மெயில் பாக்கலையா?" என்றான். இன்னொருத்தன் போகும்போது காரணத்தை எழுதியே கொடுத்தான்: "சார் அனுப்பும் 'பேசவும்' எனக்கு நெஞ்சு படபடப்பு உண்டாக்குகிறது."

"ஒரு வார்த்தைக்கு நெஞ்சு படபடக்குமா?" என்று இவர் கேட்டது மனிதவள மேலாளரிடம். முப்பது வயசு தாண்டியிராத பெண்மணி. யார் என்ன சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"படபடக்கும் சார். சர்வேயில வந்திருக்கு. உங்க பிரிவுலதான் இளைஞர்கள் அதிகமா விலகுறாங்க. இந்த வருஷம் ஏற்கெனவே ரெண்டு." சிரித்தார். "மூணாவது ஆள் போனா, பிரிவோட தலைமைய மாத்தணும்னு மேல முடிவு பண்ணியிருக்காங்க."

"என்னை எங்கம்மா மாத்துவீங்க?"

"உதிரிபாக கோடவுன்ல ஒரு இடம் காலியா இருக்கு. அப்புறம் சார், 'அம்மா' வேணாமே. அதுவும் சர்வேயில வந்திருக்கு."

கோடவுன் ஊருக்கு வெளியே பதினெட்டு கிலோமீட்டரில் இருந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு மனிதர் இருந்தார்; பேச ஆளில்லாமல் போல்ட்டு நட்டுகளுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார் என்று கேள்வி. பேசவும் சாருக்கு ஓய்வு பெற இன்னும் இருபத்தாறு மாதம்.

அவர் பிரிவில் மிச்சமிருந்த ஒரே இளசு "ஹெட்போன்." இருபத்து மூன்று வயதுப் பெண். இரண்டு காதிலும் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு நீல நிறச் சமாசாரத்தை மாட்டிக்கொண்டுதான் வருவாள், போவாள், மோட்டார் அறைக்குள் ஏறுவாள். கம்பெனியில் ஸ்பானர் பிடித்த முதல் பெண். நாளைக்குப் பதினான்கு லிஃப்ட் பார்ப்பாள். இவர் வாசற்பக்கம் பார்க்கும்போதெல்லாம் அவள் கைப்பையோடு வெளியேறுகிற மாதிரியே தோன்ற ஆரம்பித்தது. அவள் போனால் இவரும் போனார்.

"தலைமுறைப் பாலம்" என்று ஒரு பயிற்சி வைத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு. கூட்ட அறையில் நாற்காலிகளை எடுத்துவிட்டு, அரிசி மூட்டையைப் பிரித்துக் கொட்டிய மாதிரி மெத்துமெத்தென்ற இருக்கைகளைப் போட்டிருந்தார்கள். பேசவும் சார் ஒன்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அது அவரை விழுங்கியது. முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. ஒன்றரை மணி நேரம் அந்த நிலையிலேயே தலைமுறை இடைவெளியைப் பற்றித் தெரிந்துகொண்டார். முடிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

ஹெட்போன்தான் கவனித்தாள். காதிலிருந்து கிண்ணங்களை இறக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "சார், கையக் குடுங்க. ஓவர்லோடு, மணி அடிக்கப் போகுது" என்று இழுத்துத் தூக்கினாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேலாளர் அதைப் படம் பிடித்து, "பாலம் கட்டப்படுகிறது" என்று எழுதிக் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நாற்பத்தோரு கட்டைவிரல்கள் விழுந்தன.

பயிற்சியில் அவருக்கு மூன்று பாடம். ஒன்று, "தம்பி", "அம்மா", "வாப்பா" எதுவும் கூடாது, எல்லாரும் "நீங்க." இரண்டு, குறை சொல்வதானால் சாண்ட்விச் முறையில் சொல்ல வேண்டும்: முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, மேலே மறுபடி ஒரு பாராட்டு. மூன்று, "பேசவும்" கூடவே கூடாது.

மூன்றாவதுதான் அவருக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மகனிடம் கேட்டார். அவனும் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு வருஷத்தில் மூன்றாவது கம்பெனி.

"பேசணும்ங்கறதுல என்னடா தப்பு?"

"ஐயோ அப்பா! எங்க செட்டுல ஒருத்தர் 'உன்கிட்ட பேசணும்'னு மெசேஜ் போட்டா ரெண்டே அர்த்தம்தான். லவ் புட்டுக்கிச்சு, இல்லன்னா வேலை புட்டுக்கிச்சு. அதப் பாத்ததுமே கை கால் ஆடிடும்."

"அப்ப நிஜமாவே பேசணும்னா என்னதான் சொல்லுவீங்க?"

மகன் கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு யோசித்தான். "நிஜமாவே எதுக்குப்பா பேசணும்?"

உள்ளேயிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல் வந்தது. "முப்பது வருஷமா ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பேசவும் பேசவும்னு எழுதியிருக்கார். எனக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்ததில்ல. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

திங்கட்கிழமையிலிருந்து பேசவும் சார் பேசாத சார் ஆனார். படிவம் வந்ததும் கட்டைவிரல். காலை வணக்கத்துக்கு ஒரு பூ. ஹெட்போனுக்கு மட்டும் விசேஷமாக "அருமை", "பிரமாதம்", "சூப்பர்" என்று முறை வைத்து அனுப்பினார். நேற்றுப் போட்டதை இன்று போட்டுவிடக் கூடாதென்று டைரியில் குறித்துக்கொண்டார். பழைய மெக்கானிக் ஒருவர் வந்து, "சார், கதவு ரோலர் தேய்ஞ்சதுக்கு எதுக்கு ரோஜாப்பூ அனுப்புனீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதத்தில் சர்வேயில் அவர் பிரிவின் மதிப்பெண் ஏறியது. மேலாளர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். பேசவும் சாரும் சிரித்தார். சிரிக்கும்போது தாடை கொஞ்சம் வலித்தது. புது வேலை இல்லையா.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹெட்போன் அவர் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். கிண்ணங்கள் கழுத்தில் கிடந்தன. அதுவே நல்ல சகுனமாகப் படவில்லை.

"சார், உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

அவருக்கு மகன் வாயில் கடித்த கிளிப் கண்ணில் வந்தது. ரெண்டே அர்த்தம். லவ் இங்கே கிடையாது. மூணாவது ஆள். பதினெட்டு கிலோமீட்டர். போல்ட்டுகளுக்குப் பெயர்.

"பேசவே வேணாம்!" என்றார், எழுந்தே நின்றுவிட்டார். "நீங்க பிரமாதமா பண்ணிட்டிருக்கீங்க!"

"இல்ல சார், அந்த மஞ்சக் கட்டிடத்துல..."

"அந்த மஞ்சக் கட்டிடம் உங்க பொறுப்புல இருக்கறது அவங்க அதிர்ஷ்டம்."

"சார், மோட்டார் ரூம் சாவி..."

"வெற்றியோட சாவியே உங்க கையிலதான இருக்கு!" போன வெள்ளிக்கிழமை கற்றுக்கொண்ட வாக்கியம் அது. சரியான இடத்தில் வந்து விழுந்ததில் அவருக்கே பெருமை.

"சாவிதான் சார் இல்ல."

"இருக்கு! நம்பிக்கைதான் சாவி! மனசத் தளர விடாதீங்க. உங்கள மாதிரி ஆள விட்டுடுவோமா நாங்க?"

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். ஓசை வருகிற மோட்டாரைப் பார்ப்பாளே, எங்கே கழன்றிருக்கிறது என்று, அந்தப் பார்வை. பிறகு, "ஓகே சார்" என்று கிண்ணங்களைக் காதுக்கு ஏற்றிக்கொண்டு போனாள். பேசவும் சார் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். தப்பித்தோம்.

அந்த வாரக் கடைசியில் மஞ்சள் கட்டிடத்தின் படிவம் வந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. பிரேக் பட்டையின் தடிமன்: மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். போன மாதமும் மூன்று புள்ளி இரண்டு. அதற்கு முந்தைய மாதமும் அதுவே.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை பிடித்து நிறுத்துகிற பிரேக் மூன்று மாதம் தேயாமல் இருக்காது. தேயாமல் இருக்க அது என்ன, சினிமாக் கதாநாயகனா? போனில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் போன மாதத்து எண்கள் இந்த மாதத்துக் கட்டங்களில் வந்து உட்கார்ந்துகொள்ளும். யாரோ அமுக்கியிருக்கிறார்கள். முப்பத்தோரு வருஷ அனுபவம் அவரைப் பிடரியில் தட்டியது.

விரல் தானாக எழுதியது: "பேசவும்."

எழுதியதைப் பார்த்தார். நெஞ்சு படபடத்தது, இந்த முறை அவருக்கு. ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். பத்து நிமிஷம் யோசித்து இப்படி அனுப்பினார்: "அறிக்கை மிக நேர்த்தி! பிரேக் அளவை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமா? மொத்தத்தில் அசத்திவிட்டீர்கள்!" கூடவே மூன்று சிரிப்பு முகங்கள், ஒரு பூங்கொத்து.

ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது. சிவப்பு இதயம் ஒன்று.

படித்திருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று தேற்றிக்கொண்டார். நாளைக்கு நேரிலேயே கேட்டுவிடலாம் என்றும் நினைத்தார். மறுநாள் கம்பெனியில் "நன்றி வாரம்" ஆரம்பித்தது. நன்றி சொல்கிற வாரத்தில் போய் பிரேக்கைப் பற்றி யார் கேட்பார்கள்?

ஒன்பதாம் நாள், மஞ்சள் கட்டிடத்தில் லிஃப்ட் மூன்றாவது மாடியில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஒன்றரை அடி கீழே வழுக்கிப்போய் நின்றது. கதவு திறந்தது. உள்ளே போனைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் நேராக எட்டு வைத்தார். எதிரே தரை இல்லை, தரையின் விளிம்பு இருந்தது. குப்புற விழுந்தவருக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. அவர் பல் மருத்துவர். அந்தக் கையால்தான் ஊராருடைய பல்லைப் பிடுங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிரேக் பட்டையைக் கழற்றி அளந்தார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

ஹெட்போனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை என்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பேசவும் சாரின் போனில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பூ இல்லை, இதயம் இல்லை.

"பேசவும்."

அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையெழுத்தைப் பிறத்தியார் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. என்கிட்ட பேசுங்க என்கிறாளா, நாளைக்கு அங்கே வாயைத் திறந்து பேசுங்க என்கிறாளா? இரண்டும்தான். இவ்வளவு வருஷம் எழுதியும் அந்த வார்த்தைக்குள் இரண்டாவது அர்த்தம் ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாமலே போயிருந்தது.

"யாரு மெசேஜ்?" என்றாள் வீட்டுக்காரம்மா.

"ஆபீஸ்."

"பதில் போடுறதுதான?"

"போடுறேன்." போனைக் கவிழ்த்து வைத்தார்.

விசாரணை அந்தக் கூட்ட அறையிலேயே நடந்தது. அன்றைக்கு மட்டும் மரநாற்காலிகள் திரும்பி வந்திருந்தன. அந்த மூட்டை மெத்தைகளைச் சுவரோரமாகக் குவித்திருந்தார்கள். பொதுமேலாளர், மனிதவள மேலாளர், பேசவும் சார் ஒரு பக்கம். எதிரே ஹெட்போன். கழுத்தில்கூட ஹெட்போன் இல்லை. அது இல்லாமல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

"மூணு மாசமும் ஒரே அளவு. எப்படி?" என்றார் பொதுமேலாளர்.

"மோட்டார் ரூமுக்குள்ள போக முடியல சார். கட்டிடத்துல சாவியத் தொலைச்சிட்டாங்க. கட்டத்தக் காலியா விட்டா ஆப் படிவத்த அனுப்ப விடாது. அதனால பழைய அளவப் போட்டேன். தப்புதான். ஆனா சொல்ல வந்தேன் சார்."

"யார்கிட்ட?"

அவள் விரலை நீட்டவில்லை. பேசவும் சாரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பொதுமேலாளரும் திரும்பினார். "வந்தாங்களா?"

வந்தாள் என்று சொன்னால் அடுத்த கேள்வி: வந்தவளை என்ன செய்தீர்கள்? அதற்கு அடுத்தது: மூன்று புள்ளி இரண்டை மூன்று தடவை பார்த்தும் சும்மா இருந்தீர்களா? அதற்குப் பிறகு கோடவுன்கூடக் கிடைக்காது. இருபத்தாறாக இருந்தது இருபத்து மூன்றாகக் குறைந்திருந்தது. இன்னும் இருபத்து மூன்றே மாதம்.

"நல்ல பொண்ணு சார்" என்று ஆரம்பித்தார். "நல்ல உழைப்பாளி. கவனம் மட்டும் கொஞ்சம் பத்தாது. மத்தபடி ரொம்ப நல்ல பொண்ணு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது, சாண்ட்விச் கச்சிதமாக வந்திருப்பது.

"வந்தாங்களான்னு கேட்டேன்."

"வருவாங்க சார், அப்பப்ப... சாவி பத்தி... எனக்கு ஞாபகம் இல்ல."

மனிதவள மேலாளர் போனைத் திறந்து, பேசவும் சார் அனுப்பிய செய்தியை வாசித்தார். பூங்கொத்து வரைக்கும் வாசித்தார். "பிரேக் அளவப் பாருங்கன்னு சார் முறைப்படி சுட்டிக்காட்டியிருக்கார். அதையும் எவ்வளவு கனிவா! இவங்க ஹார்ட் போட்டு ஏத்துக்கிட்டிருக்காங்க."

"எனக்கு அது பாராட்டுன்னுதான் பட்டுச்சு" என்றாள் ஹெட்போன். குரல் உயரவில்லை. அவரைப் பார்த்தே சொன்னாள். "நீங்க தெனமும் எனக்குப் பூ அனுப்புவீங்க சார். இதுவும் அதுல ஒண்ணுன்னு நெனச்சேன். பழையபடி 'பேசவும்'னு போட்டிருந்தா ஓடி வந்திருப்பேன். எனக்கு அதுல பயமெல்லாம் இல்ல. வந்த புதுசுல ரெண்டு தடவை டீகூட வாங்கிக் குடுத்திருக்கீங்க."

பேசவும் சார் மேஜையைப் பார்த்தார். நல்ல மேஜை. கீறல் எதுவும் இல்லை.

புதன்கிழமை அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அன்று சாயங்காலம் அவர் மனிதவள மேலாளரின் அறை வாசலில் போய் நின்றார்.

"மேடம், மூணாவது ஆள் போயாச்சு. என்னை எப்ப மாத்துறீங்க?"

கேட்கும்போது, மாற்றிவிடுங்களேன் என்று ஒரு குரல் உள்ளே கெஞ்சியது. போய்விட்டால் கணக்கு நேராகிவிடும். போல்ட்டுகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு எப்படியாவது மிச்ச மாதங்களைத் தள்ளிவிடலாம்.

மேலாளர் சிரித்தார். "அவங்களா போகலையே சார். நாமதான அனுப்பினோம்? தானா விலகுறவங்க மட்டும்தான் பட்டியல்ல வருவாங்க. உங்க பிரிவு பச்சையிலதான் இருக்கு. உண்மையச் சொல்லணும்னா இந்தத் தடவை முதலிடமே நீங்கதான்."

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பாராட்டு விழா. மரநாற்காலிகள் வெளியே போய், மெத்தைகள் பழையபடி பரவிக் கிடந்தன. கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்றைப் பொதுமேலாளர் அவர் கையில் கொடுத்தார். "தலைமுறைகளை இணைத்த பாலம்" என்று தங்க எழுத்தில் இருந்தது. படம் எடுத்து உடனே குழுவில் போட்டார்கள். பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தார். அவர் படத்துக்கு நேர் மேலே, சாம்பல் நிறத்தில், ஹெட்போனின் எண் குழுவிலிருந்து நீக்கப்பட்ட செய்தி இருந்தது. படத்துக்குக் கீழே கட்டைவிரல்கள் விழுந்துகொண்டிருந்தன.

மனிதவள மேலாளர் மைக்கை நீட்டினார்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க சார்."

மைக்கை வாங்கினார். எதிரே, மற்ற பிரிவுகளின் இளசுகள் கால் நீட்டி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு விரல் போனில் இருந்தது. பாதிப் பேர் நிஜமாகவே கேட்கக் காத்திருந்தார்கள். இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வந்தாள், சாவி இல்லை என்றாள், நான் சொல்ல விடவில்லை. மூன்று வரி.

"எல்லாரும் நல்ல பசங்க" என்றார்.

நடுவில் வைக்க வேண்டியது தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஒரு மாடிக்கும் இன்னொரு மாடிக்கும் நடுவே லிஃப்ட் நிற்குமே, அந்த மாதிரி. மைக் கீச்சென்றது. யாரோ இருமினார்கள்.

"ரொம்ப நல்ல பசங்க" என்று மூடிவிட்டார்.

கைதட்டல் நன்றாகவே இருந்தது. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் உட்கார நாற்காலி கிடையாது. மூலையில் ஒரு மெத்தை காலியாகக் கிடந்தது. சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு அதில் இறங்கினார். முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வந்தன.

விழா முடிந்தது. ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். போகிறபோது சிலர் அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். அவரும் உயர்த்திக் காட்டினார். மனிதவள மேலாளர் சிரித்துவிட்டு விளக்கை அணைத்தார், பாவம், மூலையில் ஆள் இருப்பதைக் கவனிக்கவில்லை. பேசவும் சார் இரண்டு தடவை எம்பிப் பார்த்தார். யாரையாவது கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தார்.

தம்பி என்று கூப்பிடக் கூடாது; வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.